கம்பி வைத்த தங்கமாரியும் கம்பி வைக்காத தங்கமாரியும்

சென்னையில் போய் மூளைக்குள் கம்பி வைத்துக்கொண்டு தங்கமாரி கோவில்பட்டிக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை, அவள் குடியிருந்த வாடகை வீட்டுக் காம்பவுண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்ற நேரத்தில், கம்பி வைக்காத தங்கமாரியும் வந்து சேர்ந்தாள்.

எந்த பஸ்ஸில் வந்தாள், யார் வழி சொன்னது என்று அவளிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, வாயைத் திறக்கிற ஆளா அவள்? சாயம் போன அதே ஊதா நைட்டி, சிக்கு விழுந்த அதே தலை, எதையும் பார்க்காத அதே பார்வை. யாரையும் ஏறிட்டுப் பாராமல் உள்ளே நுழைந்து, தன் வீட்டு வாசலுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில், வருஷக்கணக்காகச் சாய்ந்து சாய்ந்து சுவரில் எண்ணெய்க் கறை பிடித்துப் போயிருந்த அந்த இடத்தில், கறையில் தலையைச் சரியாகப் பொருத்தி உட்கார்ந்துகொண்டாள்.

குழாயடியில் நின்ற தங்கமாரி, அதாவது கம்பி வைத்தவள், அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் வரவில்லை. ரொம்ப நாள் தன் வீட்டில் குடியிருந்துவிட்டுக் காலி பண்ணிப் போன யாரோ, எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனால் குடியிருந்தது அவளா, இல்லை தானா என்பதுதான் பிடிபடவில்லை.

காம்பவுண்டில் தண்ணீர் முறை பார்க்கிறவள் உலகம்மாள். அவள் சொல்லுக்கு வீட்டுக்கார அண்ணாச்சியே மறுபேச்சுப் பேசமாட்டார். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி தங்கமாரி, யாரு இது?”

“நாந்தாங்க்கா.”

“அப்ப நீ யாரு?”

“நானும் நாந்தான்.”

“வெளங்குச்சு போ,” என்றாள் உலகம்மாள். “சரி, இவளுக்குத் தண்ணி உண்டா இல்லையா?”

அங்கேதான் பிரச்சனையே ஆரம்பித்தது. அந்தக் காம்பவுண்டில் தண்ணீர் வீட்டுக் கணக்கு இல்லை, தலைக் கணக்கு. விருந்தாளிக்கு முறை கிடையாது. முறை கொடுத்துவிட்டால் அவர் குடியிருக்கிற ஆள், பிறகு வீட்டுக்காரரே நினைத்தாலும் கிளப்ப முடியாது. காம்பவுண்டு கட்டின நாளிலிருந்து அப்படித்தான். எதிர்வீட்டு ராமலச்சுமி, “ஒரே பேரு, ஒரே ஆளு, ஒரே மொறைதாங்க்கா,” என்று கத்தினாள். “வயிறு ரெண்டுல்லா இருக்கு,” என்றாள் உலகம்மாள். இப்படியே அவள் ஒன்று சொல்ல இவள் ஒன்று சொல்ல, குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருக்க, கடைசியில் உலகம்மாளே ஒரு தீர்ப்புச் சொன்னாள். “குளிக்கவா போறா, துவைக்கவா போறா. முழு மொறை வேண்டாம், ரெண்டு குடம் ஊத்துங்க பாவம்.” ஊற்றினார்கள். இரக்கப்பட்டு ஊற்றிய அந்த ரெண்டு குடத்தில் அவள் குடித்தனக்காரி ஆகிவிட்டாள் என்பது யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

தங்கமாரி சீக்கில் விழுந்த கதை காம்பவுண்டுக்கே தெரியும். மகள் வர்ஷினி பிறந்த கையோடு வந்தது. முதலில் பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள், அப்புறம் சோம்பேறி என்றார்கள், அப்புறம் காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள், அப்புறம் மாத்திரை, அப்புறம் மாத்திரைக்கு மேல் மாத்திரை, அப்புறம் மயக்கம் கொடுத்துத் தலையில் கரண்ட் வைத்தார்கள், ஒன்றுக்கும் அசையவில்லை. அழக்கூட மாட்டாள். செத்துப்போனால் தேவலை என்று மட்டும் எப்போதாவது சொல்லுவாள், அதையும் தண்ணீர் கேட்கிற குரலில் சொல்லுவாள். அவள் புருஷன் காளிராஜ் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவன், நல்ல மனுஷன், இவளைத் தூக்கிக்கொண்டு போகாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், எதற்கும் அசையாத சோகத்துக்கு மூளையின் ஆழத்தில் ரெண்டு கம்பி இறக்கி லேசாகக் கரண்ட் விட்டுப் பார்க்கிறோம், இன்னும் ஆராய்ச்சிதான், எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்லமுடியாது என்றார்கள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்டரி வைத்தார்கள். கம்பி இறக்கும்போது அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். கரண்டைத் தட்டிவிட்டதும், “ஏன் சார், லைட்டக் கூட்டி வச்சீங்களா?” என்று கேட்டாளாம். யாரும் எந்த லைட்டையும் தொடவில்லை.

காளிராஜுக்குத்தான் மண்டை காய்ந்துபோனது. சாப்பிட உட்கார்ந்தால் எத்தனை தட்டு வைப்பது? இவளிடம் சிரித்துப் பேசினால் அவள் என்ன நினைப்பாள்? கம்பெனியில் வேறு, “என்ன மாப்ளே, ரெண்டு பொண்டாட்டிக்காரன் ஆயிட்டியாம்ல,” என்று ஒரே நக்கல். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அங்கிருந்து சென்னைக்குப் போன் போட்டான்.

“நல்லா சாப்பிடறாங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“யாரக் கேக்கீங்க டாக்டர்?”

“உங்க மனைவியத்தான்.”

“ஒருத்தி நல்லாச் சாப்பிடுதா. இன்னொருத்திக்குப் பாப்பாதான் ஊட்டிவிடுது.”

டாக்டரம்மா பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. “அடுத்த செக்கப்புக்குக் கூட்டிட்டு வாங்க,” என்றார்.

“யாரக் கூட்டிட்டு வரணும்?” என்று கேட்டான் காளிராஜ். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

ஆனால் தங்கமாரிக்குப் புருஷன் கவலை இல்லை, ஊர் கவலை இல்லை. அவள் கவலையெல்லாம் வர்ஷினிதான். கம்பி வைத்துக் கண்ணில் வெளிச்சம் வந்த நிமிஷமே, ஐயோ எனக்கு ஒரு பிள்ளை இருக்கே என்றுதான் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டு வருஷம் பார்க்காத பிள்ளையை இனிமேல் பார்க்கப்போகிறோம் என்று பஸ்ஸில் தூங்காமல் வந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது தலைவாரி ரிப்பன் கட்டிவிட வேண்டும், விட்டு வரும்போது சீனி போட்டுப் பணியாரம் சுட்டு வைக்க வேண்டும், மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும் என்று என்னென்னவோ ஆசை.

கம்பி வைக்காதவள் வந்த அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வர்ஷினி வந்தாள். வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தாள். “வாங்க,” என்றாள், அசலூரிலிருந்து வந்த சித்தியை வரவேற்கிற மாதிரி. பணியாரத்தை வாங்கிக்கொண்டு, “தேங்ஸ்ங்க,” என்றாள். அப்படியே பையை வைத்துவிட்டு, தட்டோடு சுவரோரம் போய், கம்பி வைக்காதவள் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பணியாரத்தைச் சின்னதாகப் பிய்த்து, “ஏம்மா, ஒரு வாய் வாங்கிக்கம்மா, இன்னைக்கு எங்க டீச்சர் என்ன செஞ்சாங்க தெரியுமா,” என்று ஆரம்பித்துவிட்டாள்.

தங்கமாரி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஊட்டியிருக்கிறது, ஈரத்துணி வைத்து முகம் துடைத்திருக்கிறது, சிக்கெடுத்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவள் காதில்தான் சொல்லியிருக்கிறது. அத்தனையும் தனக்குத்தான் செய்தது என்று தங்கமாரிக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் ஞாபகமில்லை. சாம்பல் கலரில் ஒரு இரைச்சல், அவ்வளவுதான். பிள்ளை முதலில் பேசின வார்த்தை என்ன, முதல் பல் எப்போது விழுந்தது, எதற்குப் பயப்படும், எதுவும் தெரியாது. எல்லாம் சுவரோரத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் இருந்தது. ஒருநாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, “ஏட்டி, என் பிள்ளை உங்கிட்ட என்னதான் சொன்னா? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்,” என்று கெஞ்சிக் கேட்டாள். கம்பி வைக்காதவள் அவளைத் தாண்டி மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேலேயே தனக்குப் பொறாமை வருமா? வந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்கு என்ன, ஊர் பழகிக்கொண்டது. கல்யாணம், வளைகாப்பு, பால்காய்ச்சு என்றால் கம்பி வைத்தவளைக் கூப்பிட்டார்கள். அவள் வாய் ஓயாமல் பேசினாள், பந்தி விசாரித்தாள், கும்மியடித்தாள். எழவு வீடு என்றால் கம்பி வைக்காதவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் பிணத்தின் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அழ வராதவர்களுக்கும் அழுகை வந்தது. அப்புறம் மனசு சரியில்லாதவர்கள் வந்து அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு வருகிற பெண்கள் டிபன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அவளோடு சுவரில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார்கள். உலகம்மாளே உட்கார்ந்தாள். அவள் மகன் துபாய்க்குப் போய் போனே போடுவதில்லை. “இவகிட்ட ஒரு நல்ல பழக்கம், எல்லாஞ் சரியாயிரும்னு சொல்ல மாட்டா,” என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்கத் தங்கமாரிக்கு ஒன்றும் ஓடவில்லை. குணமாகி வந்தது இவள். ஆனால் எல்லாரும் தேடி வருவது அவளை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உலகம்மாளிடம் போய், “அக்கா, அவள வெளிய அனுப்பிருங்க, எம்பிள்ளை எங்கிட்ட வரமாட்டேங்கா,” என்றாள்.

“எப்படிட்டி அனுப்ப? மொறை குடுத்தாச்சே,” என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டு, தான் செய்த காரியம் அப்போதுதான் உறைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செக்கப்புக்குப் போனபோது தங்கமாரி டாக்டரம்மாவிடம் கேட்டாள். “கரண்ட கூட்டி வைங்கம்மா. அவ இன்னும் வீட்டுல இருக்கா.” டாக்டரம்மா அதைச் சோகம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார், அதில் தப்பும் இல்லை. துளி கூட்டி வைத்தார்.

ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால், சுவரோரத்தில் இருந்தவள் வெளிறிப்போயிருந்தாள். அவள் உடம்பு வழியாகப் பின்னால் இருக்கிற சுண்ணாம்பு தெரிந்தது. வர்ஷினி சீப்பை வைத்தால் முடியில் சிக்காமல் சும்மா இறங்கியது, ஊட்டின சோறு நைட்டியைத் தாண்டித் தரையில் விழுந்தது. பிள்ளைக்கு வந்ததே ஒரு ஆங்காரம்! “நீங்க எங்கம்மாவ என்ன செஞ்சீங்க? நீங்க வாரதுக்கு முன்ன எங்கம்மா நல்லாத்தான இருந்துச்சு!” என்று தங்கமாரியின் கையைப் பிடித்துக் கடித்துவிட்டாள். பல்தடம் பதிந்தது. தங்கமாரி கையை உதறவில்லை. இந்தப் பிள்ளை தன்னைத்தான் தன்னிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

அதற்கப்புறம்தான் சார்ஜர் காணாமல் போனது. நெஞ்சில் இருக்கிற பேட்டரிக்கு அவ்வப்போது சார்ஜ் ஏற்ற வேண்டும்; ஒயரோடு வட்டமாக ஒரு வில்லை, அதை பேட்டரிக்கு மேலே தோலில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதைத்தான் காணோம். காளிராஜ் அரிசிப் பானைக்குள் எல்லாம் கைவிட்டுத் தேடினான். சென்னைக்குப் போன் போட்டால், தாமதிக்காதீர்கள், உடனே வந்து வேறு வாங்கிக்கொண்டு போங்கள், பேட்டரி இறங்கினால் பழையபடி ஆகிவிடும், அது ஆபத்து என்று பதறினார்கள். “மதினி, இவளக் கண்ணுல வச்சுப் பாத்துக்கோங்க,” என்று உலகம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, போட்ட சட்டையோடு பஸ் ஏறினான்.

எங்கே இருக்கிறது என்று தங்கமாரிக்குத் தெரியும். காணாமல் போன அன்றைக்கே வர்ஷினியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒயர் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். பிடுங்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எடுக்கவில்லை. அவளே கொண்டுவந்து தரட்டும் என்று நினைத்தாள். அது ரோஷமா, பாசமா, இல்லை அவளிடம் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கிற பேராசையா, எதென்று அவளுக்கே விளங்கவில்லை. நாளை கேட்போம், நாளை கேட்போம் என்று இருந்தாள். அப்புறம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறபோது, கேட்க வேண்டும் என்கிற அந்த நினைப்பே கையில் தண்ணீர் மாதிரி ஒழுகிப் போய்விட்டது.

சாம்பல் இரைச்சல் திரும்ப வந்தது. பல் துலக்குவது மலையாக இருந்தது. ஊதா நைட்டிக்கு எப்போது மாறினாள், சுவரோரத்துக்கு எப்போது வந்தாள், எதுவும் தெரியாது. பக்கத்தில் கம்பி வைக்காதவள் இருந்தாள், வெளிறலெல்லாம் போய் முழு ஆளாக இருந்தாள். செத்துப்போனால் தேவலை என்று தங்கமாரி சொன்னாள். அல்லது பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். உலகம்மாள் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தாள். ரெண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களே, நல்லதாப்போச்சு என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரைநாள். வர்ஷினி ஓட்டமாக ஓடிவந்தாள், சார்ஜ் இறங்கியிருக்கும், தன் அம்மா மறுபடி கெட்டிப்பட்டிருப்பாள், தொட்டால் கைக்குச் சிக்குவாள் என்று நினைத்துக்கொண்டு. முற்றத்தில் வேறு யாருமில்லை. சுவரோரத்தில் ரெண்டு அம்மா இருந்தார்கள்.

“அம்மா,” என்றாள். ரெண்டு பேரும் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் இவளுக்கு நீட்டினாள், ஒரு வாய் அவளுக்கு நீட்டினாள். ரெண்டு வாயும் திறக்கவில்லை. இந்தத் தோளை உலுக்கினாள், அந்தத் தோளை உலுக்கினாள். ஒரு அம்மாவைத் தூக்கிச் சுமந்த பிள்ளைதான் அது. ரெண்டு அம்மாவை எப்படிச் சுமக்கும்? பணியாரம் சுட்டுத் தந்தவள், கடித்தால் உதறாதவள், அவள் எங்கே? பிள்ளை ஓவென்று அழுதது. தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி அந்தப் பிள்ளையின் அழுகை தங்கமாரிக்குக் கேட்டது. எழுந்து தூக்கவேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்கிறது எப்படி என்றுதான் தெரியவில்லை.

வர்ஷினி பைக்குள்ளிருந்து சார்ஜரை இழுத்தாள். மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் சொருகினாள். வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். யாருக்கு வைப்பது? ரெண்டு பேர் நெஞ்சிலும் தடவிப் பார்த்தாள். ரெண்டிலும், எப்படி வந்ததோ கம்பி வைக்காதவள் நெஞ்சிலும்கூட, தீப்பெட்டி மேடு இருந்தது. கடைசியில், தலை கறையில் சரியாகப் பொருந்தியிருந்தவளின் நெஞ்சில் கொண்டுபோய் வைத்தாள். அவளைத்தானே பிள்ளைக்குத் தெரியும்.

அப்போது கம்பி வைக்காதவளின் கை எழுந்தது.

எட்டு வருஷமாக ஒரு வாய் சோற்றுக்குக்கூட எழுந்திராத கை. அந்தக் கைக்கு எவ்வளவு கனம் என்று உலகத்திலேயே தங்கமாரி ஒருத்திக்குத்தான் தெரியும். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, பிள்ளையின் கையை வில்லையோடு சேர்த்துப் பிடித்து, மெதுவாக நகர்த்தி, பக்கத்தில் இருந்த தங்கமாரியின் நெஞ்சில் வைத்து அழுத்தியது. வில்லையில் பச்சை விளக்கு எரிந்தது. கம்பி வைக்காதவள் பிள்ளையின் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

“அம்மா! போகாதம்மா! ஏம்மா!” என்று கத்தினாள் வர்ஷினி. கால் ஓடப் பார்த்தது. ஆனால் ஓடினால் வில்லை விழுந்துவிடும். அம்மா வாசலைத் தாண்டுகிற வரைக்கும், தெருமுனை திரும்புகிற வரைக்கும், கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாளே தவிர, வில்லையை அழுத்தின கையை எடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத் தங்கமாரிக்குச் சுவர் சுவராகத் தெரிந்தது, மோட்டார் மோட்டாராகத் தெரிந்தது. பக்கத்தில் யாருமில்லை. முன்னால் ஒரு பிள்ளை மூக்கொழுக முறைத்துக்கொண்டிருந்தது.

“அவங்க எதுக்குப் போனாங்க? நீங்க போயிருக்கக் கூடாதா?” என்று கேட்டது.

“போயிருக்கலாம்டா,” என்றாள் தங்கமாரி. சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு வராத அழுகை. போனவள் விட்டுவிட்டுப் போனதா, தன்னுடையதுதானா, ஏன் அழுகிறோம், பிள்ளை கிடைத்ததற்கா, அவள் போனதற்கா, ஒன்றும் புரியாமல் மூச்சு முட்ட அழுதாள். கண்ணீர் தாடையில் வழிந்து நெஞ்சில் சொட்டியது.

வர்ஷினி வில்லையை விடாமல், மறு கையால் பாவாடையைத் தூக்கி அவள் தாடையைத் துடைத்தாள்.

“அழாதீங்க,” என்றாள் தேம்பிக்கொண்டே. “ஒயரு நனைஞ்சிரும்.”